ஒரு படத்துக்கு மட்டும் பூ

நீதி எண்டால் என்னெண்டு தெரியாத சனத்துக்கு நீதி வாங்கிக் குடுக்கிறது லேசான வேலை எண்டு நினைக்கிறியளோ, தம்பி? இருங்கோ, உந்தப் பையைக் கொஞ்சம் அங்காலை தள்ளுங்கோ, என்ரை பெட்டியை வைக்கவேணும். உள்ளுக்குப் பதாகையள் கிடக்கு, மடிஞ்சால் எழுத்து வெடிச்சுப்போம். ஓம், அவ்வளவு தள்ளினால் காணும். நீங்கள் கேட்டனீங்கள் எண்டபடியால் சொல்லுறன். கேக்கேல்லையோ? பரவாயில்லை, பெட்டியைப் பாத்தனீங்கள்தானே.

நான் இந்த ரெயினாலை கிளிநொச்சியிலை இறங்கிறன். கொழும்பிலை விசா அலுவலா நிண்டுபோட்டு வாறன். ஜெனீவாவுக்கு. உல்லாசம் பாக்க இல்லைத் தம்பி, எங்கட சனத்தின்ரை அலுவலுக்கு. மாசி பங்குனி வந்தால் அங்கை மனித உரிமைக் கூட்டத்தொடர். நான் இளைப்பாறின இங்கிலீசு வாத்தியார். சோமசேகரம் எண்டால் ஒருத்தருக்கும் தெரியாது, சோமு மாஸ்டர் எண்டு கேட்டால் வன்னியிலை நாய் பூனையும் வழி காட்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ரை தாய்மாரிலை வருசம் ஒராளைக் கூட்டிக்கொண்டு போய், அங்கை பேச வைச்சு, அதை இங்கிலீசிலை சொல்லி, பத்திரமாத் திருப்பிக் கொண்டுவந்து வீட்டு வாசலிலை விடுறன். இதுதான் என்ரை வேலை.

நன்றி ஒண்டும் எனக்கு வேண்டாம். நான் நன்றிக்காகச் செய்யிறேல்லை. எண்டாலும் மனிசர் எண்டால் ஒரு சொல்லுச் சொல்லலாமெல்லோ? அதுவும் இல்லை. இந்த முறை நான் வேண்டாமாம். தாய்மார் கூடிப் பேசித் தீர்மானிச்சவையாம். மொழிபெயர்க்க ஜெனீவாவிலையே பிறந்து வளந்த ஒரு பெட்டை இருக்கிறாளாம், அவள் காணுமாம். அபிரா எண்டு பேர். முருங்கைக்காயைப் பாத்து 'இந்தப் பச்சைத் தடி' எண்டு கேட்ட பிள்ளை. அதுதான் இனி எங்கட சனத்தின்ரை வாய். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் எண்டாளாம். ஆனால் அவள் கோணல் எண்டு சொன்னது மேடையை இல்லை, என்னை.

எல்லாம் தங்கேஸ்வரியாலை வந்தது. போன வருசம் நான் கூட்டிக்கொண்டு போன தாய். கிளிநொச்சிக்குக் கிட்டத்தான் வீடு. புருசன் எப்பவோ செத்துப்போனார். ஒரே ஒரு பெடியன், துவாரகன். கடைசிச் சண்டைக் காலத்திலை காணாமல் போனவன். அப்ப அவனுக்குப் பதினேழு வயசு. கமெராவுக்கு நல்ல முகம் தங்கேஸ்வரிக்கு, அதை நான் மறுக்கேல்லை. ஒட்டின கன்னம், பெரிய கண். முகத்தைப் பாத்துத்தான் தெரிவு செய்தனான். புத்தியைப் பாக்காமல் விட்டது என்ரை பிழை.

பயிற்சி குடுக்கவேணும், கண்டியளோ. அங்கை மைக் மூண்டு நிமிசம்தான் தருவினம், பேந்து சிவப்பு லைற் எரியும். அதுக்குள்ளை பேர், இடம், திகதி, ஆர் பிடிச்சது, என்ன கேக்கிறம், எல்லாம் வரவேணும். அழுகைக்கும் இடம் விடவேணும். முதலே அழுதால் பேச்சு விளங்காது, கடைசியிலை அழுதால் லைற் எரிஞ்சிடும். நடுவிலை அழவேணும். இதெல்லாம் நான் வருசக்கணக்கா நிண்டு பாத்துப் படிச்சது. இவவுக்குச் சொல்லிக் குடுக்கிறன், இவ என்னெண்டால் அவன் ஒரு காலிலை செருப்போடை போனது, மற்றச் செருப்பு இன்னும் வீட்டிலை கிடக்கிறது, அதை நாய் தூக்கிக்கொண்டு போகாமல் கூரையிலை செருகி வைச்சிருக்கிறது எண்டு தொடங்கிறா. அக்கா, செருப்பை விடுங்கோ எண்டன். செருப்புக்கு மைக் குடுக்கமாட்டினம் எண்டன்.

அதுகூடப் பரவாயில்லை. ஆர் பிடிச்சது எண்ட இடத்துக்கு வந்தால் மனிசி நிக்குது. "மாஸ்டர், அவனைப் பிடிச்சது ஆமி இல்லையே. எங்கட பெடியள்தானே வந்து கொண்டுபோனவை" எண்டா. எனக்குத் தெரியாதே? வன்னியிலை தெரியாத ஆள் ஆர்? கடைசி நேரத்திலை இயக்கத்துக்கு ஆள் போதாமல் வீட்டுக்கு வீடு போய்ப் பிடிச்சவைதான். ஆனால் தம்பி, உலகத்திலை எல்லாத் துக்கத்துக்கும் ஒவ்வொரு மேசை போட்டு வைச்சிருக்கினமே? இல்லை. ஆமி பிடிச்ச துக்கத்துக்கு மேசை இருக்கு, கதிரை இருக்கு, தண்ணிப் போத்தில் இருக்கு. இந்தத் துக்கத்துக்குக் குந்தியிருக்க ஒரு வாங்கு கூட இல்லை. நான் அவவுக்கு ஆறுதலாச் சொன்னன். அக்கா, பிடிச்சது ஆர் எண்டாலும், கடைசியிலை அவன் சரணடைஞ்சிருந்தால் ஆமியிட்டைத்தானே போயிருப்பான்? அப்ப பொறுப்பு ஆருக்கு? அதைச் சொல்லுங்கோ. அவ தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தா. அதை நான் ஓம் எண்டு எடுத்தன்.

பேந்து கேக்கிறா, "அங்கை போய்க் கேட்டால், அவன் இருக்கிறானோ இல்லையோ எண்டு சொல்லுவினமோ?"

சொல்லுவினம் எண்டன். வேறை என்னத்தைச் சொல்ல?

"எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம், மாஸ்டர். அவனுக்கு அந்தியேட்டி செய்யிறதோ விடுறதோ எண்டு தெரிஞ்சால் காணும். உயிரோடை இருக்கிற பிள்ளைக்குச் செய்தால் அது பாவம். செத்த பிள்ளைக்குச் செய்யாமல் விட்டால் அது அலைஞ்சு திரியும். நான் ரண்டுக்கும் நடுவிலை நிக்கிறன்."

பாத்தியளோ. உலகமே வந்து குந்தியிருக்கிற மண்டபத்துக்குப் போற மனிசி கேக்கிற கேள்வி இது. ஐயரிட்டைக் கேக்கவேண்டியதைக் கொண்டுபோய் ஐநாவிட்டைக் கேக்கப் போறா. குற்றவாளிக்குத் தண்டனை வேண்டாம், சர்வதேச விசாரணை வேண்டாம், அந்தியேட்டிக்கு நாள் வேணும். இந்தச் சனத்தை வைச்சுக்கொண்டுதான் நான் நீதி கேக்கிறன்.

என்ன, வடைக்காரன் வாறானோ? வேண்டாம் தம்பி, உவங்கள் எந்த எண்ணெயிலை போடுறாங்களோ. நீங்கள் வேணுமெண்டால் வாங்குங்கோ.

போனம். அங்கத்தைய ஆக்களைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லவேணும். வெள்ளைக்காரர் வடிவாக் கேப்பினம். தலையை ஆட்டிக்கொண்டே கேப்பினம். கேட்டு முடிய ஆழ்ந்த கவலை எண்டு எழுதுவினம். நான் போகத் தொடங்கின நாள் துவக்கம் அவைக்குக் கவலைதான். ஒவ்வொரு வருசமும் கவலை ஒரு முழம் ஆழமாப் போகுதேயொழிய, அடியிலை தண்ணி வந்ததை ஒருத்தரும் காணேல்லை. எங்கட ஆக்கள் அதைவிட. கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாட்டிலை இருந்தும் வந்திறங்குவினம், ஒருத்தனோடை ஒருத்தன் கதைக்கமாட்டான். தாய்மாரோடை நிண்டு படம் எடுக்க மட்டும் முண்டியடிப்பினம். நான் அவையைப்போல இல்லை. நான் படத்திலை ஓரமாத்தான் நிப்பன்.

தங்கேஸ்வரியின்ரை முறை வந்துது. பக்கத்து அறை ஒண்டிலை கூட்டம். அவ எழும்பிப் பேரைச் சொன்னா, இடத்தைச் சொன்னா. நான் இங்கிலீசிலை சொன்னன். நல்லாப் போகுது எண்டு நினைக்கிறன், அந்த நேரம் பாத்து மனிசி வழியை விட்டு இறங்கிச்சுது.

"என்ரை பிள்ளையைப் பிடிச்சது ஆமி இல்லை. எங்கட பெடியள்தான். நான் அவனைப் பத்தைக்குள்ளை பங்கர் வெட்டி ஒளிச்சு வைச்சிருந்தன். ஒவ்வொரு நாளும் இருட்டினாப் பிறகுதான் சோறு கொண்டுபோறனான். அண்டைக்கு அவனுக்குக் காய்ச்சல் எண்டபடியால் பகலிலை கஞ்சி கொண்டுபோனன். அவை எனக்குப் பின்னாலை வந்திட்டினம். நான்தான் பாதை காட்டினனான். அவனைக் கொண்டுபோனவை ஆரும் இஞ்சை இருந்தால், இருக்கிறானோ இல்லையோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. நான் ஒருத்தரையும் ஒண்டும் செய்யச் சொல்லிக் கேக்கமாட்டன்."

தமிழ் விளங்கின அஞ்சாறு பேரின்ரை முகம் செத்துப்போச்சு. வெள்ளைக்காரர் என்னைப் பாக்கினம். யோசிக்க நேரம் இல்லை, தம்பி. ஆயுதம் தாங்கின ஆக்கள் வந்து பிள்ளையைப் பிடிச்சினம் எண்டு சொன்னன். பொய்யே? ஆயுதம் இருந்தது, ஆக்கள் வந்தவை, பிடிச்சவை. ஒரு சொல்லும் பொய் இல்லை. பொறுப்பானவை பதில் சொல்லவேணும் எண்டு கேக்கிறா எண்டன். அதுவும் அவ கேட்டதுதான். கஞ்சிக் கதையை நான் மொழிபெயர்க்கவேயில்லை. கஞ்சிக்கு ஆர் விசாரணை வைக்கிறது? எல்லாரும் எழும்பி நிண்டு கை தட்டிச்சினம். ஒரு வெள்ளைக்கார மனிசி கண்ணைத் துடைச்சா. சபையைக் காப்பாத்தினது நான். அந்த அறையிலை ஒருத்தருக்கும் அது தெரியாது.

தங்கேஸ்வரி, சனம் கை தட்டினதைப் பாத்திட்டு என்னட்டைக் குனிஞ்சு கேக்கிறா, "எல்லாத்தையும் சொன்னனீங்களோ, மாஸ்டர்? கஞ்சி கொண்டுபோனதையும் சொன்னனீங்களோ?"

சொன்னன் எண்டன்.

"பேந்து ஏன் கை தட்டினவை?"

மரியாதை எண்டு சொன்னன்.

வெளியிலை வர அந்தப் பெட்டை, அபிரா, வாசலிலை மறிச்சுக்கொண்டு நிக்கிறாள். "அங்கிள், அன்ரி சொன்னது ஒண்டு, நீங்கள் சொன்னது ஒண்டு" எண்டாள். பிள்ளை, மொழிபெயர்ப்பு எண்டால் சொல்லுக்குச் சொல்லு இல்லை, கருத்து எண்டன். முப்பது வருசம் படிப்பிச்சவன் நான். "அப்ப கஞ்சியை ஏன் விட்டனீங்கள்? அதுதானே கருத்து" எண்டாள். வயசைப் பாருங்கோ, வாயைப் பாருங்கோ. நீதிக்கும் ஒரு ஒழுங்கு இருக்குப் பிள்ளை, முதல் பெரிய குற்றம், பேந்துதான் சின்னக் குற்றம், எங்கட ஆக்களின்ரை பிழையை நாங்கள் வீட்டுக்குள்ளை வைச்சுப் பேசித் தீர்ப்பம் எண்டு அமைதியாச் சொன்னன். "எப்ப?" எண்டு கேட்டாள். எப்பவாம்! பாலும் பழமும் சாப்பிட்டு வளந்ததுகளுக்கு எல்லாம் உடனை வேணும்.

அதோடை முடிஞ்சிருந்தால் நான் இண்டைக்கு உங்களோடை இருந்து கத்தமாட்டன். பின்னேரம்தான் பெரிய கூத்து.

ஐநா வாசலுக்கு முன்னாலை கால் முறிஞ்ச ஒரு பெரிய மரக்கதிரை நிக்கும், கண்டிருப்பியள். அதுக்குக் கீழைதான் எல்லா நாட்டுச் சனமும் தங்கடை தங்கடை துக்கத்தைப் பரப்பிக்கொண்டு நிக்கிறது. நாங்களும் காணாமல் போன பிள்ளையளின்ரை படங்களை வரிசையா நிலத்திலை சாத்தி வைச்சம். மற்ற ஆக்களோடை வந்த தாய்மார் வைச்ச படங்கள் வேறை, பெட்டியிலை கொண்டுபோன படங்கள் வேறை, எல்லாமா ஒரு நீட்டு வரிசை. நீங்கள் இந்த ஊர்ப் பிள்ளை, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தப் படங்களுக்கு நாங்கள் பூ வைக்கிறேல்லை. மாலையும் இல்லை, விளக்கும் இல்லை. வைச்சால் செத்திட்டினம் எண்டாயிடும். இதிலை மட்டும் நான் வலு கண்டிப்பு. ஒருக்கால் பிரான்சிலை இருந்து வந்த ஒருத்தர் மாலை கட்டிக்கொண்டு வந்தார், நான் அவரை அப்பிடியே திருப்பி அனுப்பினனான்.

அங்கை கேதீஸ் எண்டொருத்தன் இருக்கிறான். மரக்கறிக்கடை வைச்சிருக்கிறான். ஒவ்வொரு வருசமும் எங்களுக்குச் சாப்பாடு, தேத்தண்ணி எல்லாம் அவன்தான் தன்ரை வான் வண்டியிலை கொண்டுவாறது. முந்தி இயக்கத்திலை இருந்தவன் எண்டு தெரியும், என்னவா இருந்தவன் எண்டு நான் கேக்கிறேல்லை. சாப்பாடு தாறவனை அப்பிடிக் கேக்கிறதும் முறையில்லை. கதையாத ஆள். வருவான், குடுப்பான், ஏனத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு போவான். அண்டைக்கும் வந்தான். கடைக்குச் சாமிப் படத்துக்கு வாங்கின வெள்ளைப் பூவும் வானுக்குள்ளை கிடந்திருக்கு.

நான் கமெராக்காரரோடை கதைச்சுக்கொண்டு நிண்டன். திரும்பிப் பாத்தால் தங்கேஸ்வரி தன்ரை பெடியன்ரை படத்துக்கு முன்னாலை குந்தியிருக்கிறா. படத்துக்குக் கீழை ஒரு வெள்ளைப் பூ. வரிசையிலை வேறை ஒரு படத்துக்கும் இல்லை. முழு வரிசையையும் நடந்து போய்ப் பாத்திட்டுத் திரும்பி வந்து குந்தினவவாம், பிறகு சொல்லிச்சினம்.

கேதீஸ் தேத்தண்ணித் தட்டோடை வாறான். அவ எழும்பேல்லை. இருந்தபடியே கேக்கிறா.

"தம்பி, இந்தப் பூ நீங்களோ வைச்சது?"

அவன் தேத்தண்ணியை நீட்டுறான்.

"என்ரை பிள்ளைக்கு மட்டும் ஏன் வைச்சனீங்கள்?"

தட்டை நிலத்திலை வைச்சுப்போட்டு வண்டியடிக்குத் திரும்பிறான். மடையன். அவனுக்கே தெரியாமல் கை போயிருக்கு, கண்டியளோ. முகத்தைக் கண்டிருக்கிறான், கையிலை பூ இருந்திருக்கு, வைச்சுப்போட்டான். எங்கட ஆக்களுக்குச் செத்த ஆளின்ரை படத்தைக் கண்டால் கை சும்மா இராது. வெள்ளைக்காரன் எண்டால் உந்தப் பிழையை விட்டிருக்கமாட்டான்.

"தம்பி, நீங்கள் எந்த இடம்?" எண்டு அவ அடுத்த கேள்வியைக் கேட்டா. இனி விட்டால் சரிவராது எண்டு நான் ஓடிப்போனன். அக்கா, அது மிச்சப் பூ, காத்துக்கு வந்து விழுந்திருக்கும், எழும்புங்கோ, கமெரா காத்துக்கொண்டு நிக்குது எண்டு கையைப் பிடிச்சு எழுப்பினன். அவ எழும்பினா. அந்தப் பூவை எறியவும் இல்லை, திருப்பி வைக்கவும் இல்லை. கைக்குள்ளை பொத்திக்கொண்டு வந்து கமெராவுக்கு முன்னாலை நிண்டா. அந்தப் படம்தான் பேந்து பேப்பரிலை வந்தது. நல்ல படம்.

அண்டைக்கு என்னை இருப்பிடத்துக்குக் கொண்டுபோய் விட்டது கேதீஸ்தான். வானை ஒரு ஓரத்திலை நிப்பாட்டிப்போட்டு ஸ்டியரிங்கிலை தலையை வைச்சு அழத் தொடங்கிட்டான். பங்கருக்குப் போன குழுவிலை அவனும் நிண்டவனாம். பெடியனைத் தன்ரை பொறுப்பிலைதான் விட்டவையாம். காய்ச்சலோடை இருந்த பெடியனைச் சண்டைக்கு அனுப்பாமல் தண்ணி எடுக்க, சமைக்க எண்டு வைச்சிருந்தவனாம். ஒரு கிழமை போகேல்லை, வலைஞர்மடத்திலை செல்குண்டு விழுந்து அந்த இடத்திலேயே முடிஞ்சுதாம். தானே, தான் உடுத்திருந்த சாரத்தாலை சுத்தி, கரைப்பக்கத்திலை ஒரு பூவரசுக்குக் கீழை தாட்டவனாம். அந்த மரம் இப்பவும் நிக்குதாம், ஆரையோ விட்டுப் பாத்தவனாம்.

"மாஸ்டர், நீங்கள் சொல்லுங்கோ. எந்த நாள், எந்த இடம் எண்டு எல்லாம் சொல்லுறன். என்ரை பேரையும் சொல்லுங்கோ. அவ என்னை என்ன செய்தாலும் சரி. ஆனால் அந்த முகத்தைப் பாத்துச் சொல்ல என்னாலை ஏலாது" எண்டான். துவக்கு வைச்சிருந்த கையாலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுகிறான். எனக்கு அரியண்டமாப் போச்சு. சரி, சொல்லுறன் எண்டன்.

சொல்லேல்லை.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? யோசிச்சுப் பாருங்கோ, தம்பி. நீங்கள் படிச்ச பிள்ளை. காணாமல் போனவன்ரை தாய் எண்டால்தான் அங்கை மைக். செத்தவன்ரை தாய்க்கு ஆர் கதிரை போடுவினம்? செத்த பிள்ளையள் எங்களிட்டை எத்தினை ஆயிரம். அதுவும் எங்கட ஆக்களே கொண்டுபோய்ச் சாகக் குடுத்த பிள்ளை எண்டால், எதிர்ப்பக்கம் அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு ஆடும். மற்றத் தாய்மாரின்ரை வழக்கும் சேந்து விழும். ஒரு மனிசி நிம்மதியாப் படையல் வைக்கிறதுக்காக நான் ஒரு இனத்தின்ரை நீதியை விக்கிறதே? நான் எனக்காகச் செய்யேல்லை. அதை விளங்கிக்கொள்ளுற ஆள் ஒராளை இண்டைக்கு வரைக்கும் நான் காணேல்லை.

கேதீஸ் ரண்டு மூண்டு தரம் போன் எடுத்தான், சொல்லிப்போட்டியளோ எண்டு. சொல்லிப்போட்டன் எண்டன். அவ என்ன சொன்னவ எண்டு கேட்டான். உன்னை மன்னிச்சிட்டா எண்டன். என்ன குறைஞ்சுபோச்சு? பெத்தவள் குடுக்கத்தானே போறா, கொஞ்சம் முந்தி நான் குடுத்தன். ஒரு மனிசன் நித்திரை கொள்ளட்டுமே. இப்ப நல்லாச் சாப்பிடுறானாம், கோயிலுக்கெல்லாம் போறானாம்.

இவதான் சாப்பிடுறேல்லையாம். எனக்குப் போன் எடுத்தால் வேறை பேச்சில்லை. "கேதீஸ் தம்பி ஏதும் சொன்னவரோ, மாஸ்டர்?" இல்லையக்கா. "அவர் ஏன் பூ வைச்சவர்?" மிச்சப் பூ அக்கா. "மிச்சப் பூ எண்டால் கடைசிப் படத்துக்கெல்லோ வைப்பினம். என்ரை பிள்ளையின்ரை படம் நடுவிலையெல்லோ இருந்தது." இப்பிடியே திரும்பத் திரும்ப. போன புரட்டாதியிலை பிள்ளைக்குப் படையலெல்லாம் சமைச்சு, இலை போட்டு, விளக்கும் கொளுத்திப்போட்டு, பேந்து தானே ஊதி நூத்திட்டு, சோத்தை எடுத்துப் பானைக்குள்ளை திருப்பிப் போட்டவவாம். பக்கத்து வீட்டு மனிசி சொல்லி அழுதா. அரைத் திவசம் எண்டு உலகத்திலை எங்கையும் உண்டோ? செய்யிறதெண்டால் செய்யவேணும், விடுறதெண்டால் விடவேணும். துணிவில்லாத சனம், தம்பி. எல்லாத்துக்கும் ஒராள் வந்து சொல்லவேணும்.

இதுக்கிடையிலை அந்தப் பெட்டை அபிரா லீவிலை வந்து, ஊர் ஊராப் போய், கூட்டத்திலை நான் சொன்னதையும் விட்டதையும் ஒண்டொண்டாச் சொல்லிப்போட்டாள். தங்கேஸ்வரி ஒண்டும் கத்தேல்லையாம். "அப்ப அவை கஞ்சிக்குக் கை தட்டேல்லை" எண்டு மட்டும் சொன்னவவாம். அடுத்த கிழமை தாய்மார் கூட்டம் போட்டு என்னை நிப்பாட்டிச்சினம். தலைமை ஆர்? தங்கேஸ்வரி. கையெழுத்துப் போடக் கை நடுங்கிற மனிசி எனக்குக் கணக்கு முடிக்கிறா. நான் இல்லையெண்டால் ஜெனீவா எண்டது ஊரோ, தின்கிற சாமானோ எண்டு தெரிஞ்சிருக்குமே உவைக்கு?

நான் கோவிக்கேல்லை. கோவிக்கிறது நேரத்துக்கு நட்டம். போன கிழமை தங்கேஸ்வரிக்குப் போன் எடுத்தன். அக்கா, கேதீஸ் கதைச்சவன் எண்டன். உங்களிட்டை நேரிலைதான் சொல்லுவானாம், போனிலை சொல்லமாட்டானாம், இந்த முறையும் என்னோடை வந்தியள் எண்டால் அங்கை முகத்துக்கு முகம் சொல்லுவானாம் எண்டன். உடனை, "வாறன் மாஸ்டர்" எண்டா. பாருங்கோ, தீர்மானம், கூட்டம், மொழிபெயர்ப்பு, எல்லாம் எங்கை போச்சுது? ஒரு சொல்லோடை பறந்துபோச்சு. இவ வந்தால் மற்றவையும் வாய் திறக்கமாட்டினம். அங்கை போனபிறகு கேதீசை அவவின்ரை கண்ணிலை காட்டாமல் விடுறது என்ரை பாடு. அவனுக்கு என்ன, வராதை எண்டால் வராமல் நிப்பான். அடுத்த வருசம் எண்டு சொல்லலாம். அவவுக்கு வருசம் எண்டது பெரிய விசயமே, இவ்வளவு காலம் இருந்தவ.

இந்தா, வேகம் குறையுது. கிளிநொச்சி வந்திட்டுது. நீங்கள் நல்லாக் கேட்டுக்கொண்டு வந்தனீங்கள், தம்பி, எங்கட ஆக்களிலை கேக்கிற ஆக்கள் குறைவு. பெட்டியை ஒருக்கால் தூக்கித் தாங்கோ. பாத்து, பாத்து, நுனியைப் பிடியாதையுங்கோ.

அந்தா, அந்தத் தூணடியிலை, மண்ணிறச் சீலை. தங்கேஸ்வரிதான். நான் ஸ்டேசனுக்கு வரச் சொல்லேல்லை, வீட்டை வாறன் எண்டுதான் சொன்னனான். விடியவே வந்து நிக்கிறா போல கிடக்கு. ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்துக்கொண்டு வாறா, ஏதோ நான் கேதீசைக் கையோடை கூட்டிக்கொண்டு வந்திருக்கிற மாதிரி.

சரி தம்பி, வாறன். நீங்கள் ஏன் எழும்புறியள்? யாழ்ப்பாணம் வரைக்கும் ரிக்கெற் எண்டெல்லோ சொன்னனீங்கள். இது கிளிநொச்சி. இருங்கோ, இருங்கோ, பெட்டியை நானே கொண்டுபோவன். பையையும் ஏன் எடுக்கிறியள்? தம்பி, இது எங்கட அலுவல். உங்களுக்கு இதுக்குள்ளை ஒண்டும் இல்லை. வழியை விடுங்கோ, நான் முதல் இறங்கவேணும். தம்பி, சொல்லுறதைக் கேளுங்கோ, அவவுக்கு நீங்கள் ஆரெண்டே தெரியாது.